உடம்பில் வைத்துத் தைத்தது

சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை. உச்சி வேளை. அடி அண்ணாமலையைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிப் போகிற மண் சாலை. ஆள் இல்லை. ஆடு இல்லை. ஒரு காக்கைகூட இல்லை...

ஆமாம், பகல்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், இந்தக் கதையில் இருட்டு வராது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், அது போதும். உச்சி வேளையில் கறிச்சோறு கொண்டுபோனால் தூக்குவாளிக்குள் ஒரு கரித்துண்டு போடுகிறோம் அல்லவா? பிள்ளை பெற்றவளை அந்த நேரத்தில் தெருவில் விடுவதில்லை அல்லவா? ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

இது நம் தெரு வினோதினியின் பெரியம்மா மகள் பாஞ்சாலைக்கு நடந்தது. வினோதினியைக் கேட்டால் அப்படி ஒன்றுமே இல்லை என்பாள். ஆனால் ஏரிக்கரை வழியாக அவள் இப்போது போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

பாஞ்சாலை குளிர் கோட்டு தைக்கிற கம்பெனியில் டைலர். கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், நிலக்கடலைக் காட்டுக்கு நடுவில் அந்தக் கம்பெனி இருக்கிறது. தகரக் கூரை. கத்திரி வெயிலில் உள்ளே போய் நின்றால் தலைமுடி சுடும். அங்கே உட்கார்ந்துதான் பனி கொட்டுகிற தேசத்துக்குக் கோட்டு தைக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு அட்டை தொங்கும். அதில் வெள்ளைக் காடு, வெள்ளை வானம், நடுவில் தனியாக ஒரு ஆள். பாஞ்சாலைக்குப் பனி என்றால் அந்த அட்டைதான். அதில் சத்தமே இருக்காது என்று அவளுக்குத் தோன்றும்.

கோட்டுக்குள் வாத்து இறகு அடைப்பார்கள். அதற்குத் தனி அறை. இறகு பறக்கும் என்பதால் அங்கே மின்விசிறி கிடையாது. உள்ளே போன பெண்கள் வெளியே வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக, கிழவிகளைப் போல வருவார்கள்.

"இதப் போட்டுக்கினு தேரடில ஒரு நட நடந்தா எப்படி இருக்கும்க்கா?" என்று ஒருநாள் பாஞ்சாலை கேட்டாள்.

"நடக்கவே வேணாம். நின்ன எடத்துலயே அவிஞ்சிடலாம். தொறந்து பாத்தா ஆவி பறக்கும், இட்லி மாதிரி," என்றாள் பக்கத்து மெஷின் பச்சையம்மாள்.

ஒரு கோட்டை ஒருத்தியே முழுசாகத் தைப்பதில்லை. ஒருத்தி பை தைப்பாள், ஒருத்தி ஜிப் வைப்பாள். பாஞ்சாலை கை ஏற்றுவாள். உடலோடு கையைச் சேர்த்து, கையிடுக்கைச் சுற்றி ஒரு வட்டம். இடது ஒன்று, வலது ஒன்று. அடுத்த கோட்டு. கோட்டின் உள்ளே ஒவ்வொரு தையலுக்குப் பக்கத்திலும் அதைத் தைத்தவளின் நம்பர் ஒட்டியிருக்கும். தையல் தப்பானால் செக்கிங்கில் பிடித்து, அந்த நம்பர்காரிக்கே திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ஆல்டர் என்று பெயர். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். தைத்தவள்தான் பிரித்துத் தைக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்து, முழு ஊசி ஆகிறது என்று சூப்பர்வைசர் தலையாட்டினால்தான் வேறு ஊசி. ஒரு துளி குறைந்தாலும் அந்தக் கோட்டு வெளியே போகாது. சூப்பர்வைசர் சக்கரவர்த்தி புதுசாக வந்தவர்களிடம் எப்போதும் ஒன்று சொல்வார்.

"உள்ள மாட்டுன முனை எங்கியோ ஒரு மனுசன் மேல குத்தும். அவன் யாருன்னு உனக்குத் தெரியாது. அதுக்காக அவனுக்கு வலிக்காதா?"

பாஞ்சாலையின் புருசன் மணிவேல். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். கண்ணாயிரம் என்கிற ஏஜென்ட் அவனைக் குளிர் தேசம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தான். கண்ணாடிக் கொட்டகைக்குள் தக்காளி பறிக்கிற வேலை. கிளம்பும் முன் பாஞ்சாலை ஒரு கோட்டு வாங்கி வந்தாள். கம்பெனியில் தேறாத கோட்டுகளை ஆயுத பூஜைக்கு வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். நீலக் கோட்டு, உள்ளே ஆரஞ்சுத் துணி. அது ஏன் தேறவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கை ஏற்றியவள் அவள்தான். இரண்டு கையிடுக்கிலும் தையல் துணியின் ஓரத்திலேயே ஓடியிருந்தது. இழுத்தால் விட்டுவிடும்.

"பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்," என்றாள்.

"தைக்கலாம், தைக்கலாம்," என்றான். வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய, "இதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம்மே," என்று சிரித்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய், தைக்காமலேயே பெட்டிக்குள் போய்விட்டது.

அவன் கடைசியாகப் பேசியது தீபத்தன்று. மலையுச்சியில் நெருப்பு ஏறியிருந்தது. ஊரே வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "போனத் திருப்பிக் காட்டு," என்றான். காட்டினாள். காற்றின் சத்தம் மட்டும். பிறகு சொன்னான்.

"கையிடுக்குல காத்து பூருது பாஞ்சால. உன் தையல் உட்டுக்கிச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இன்று ராத்திரி நடக்கப் போகிறோம், காட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தேசம், அங்கே வேலை நல்லா இருக்கிறதாம் என்றான். அவள் ஏதோ கேட்க வாய் திறந்தாள். லைன் போய்விட்டது.

அவ்வளவுதான். மார்கழி போனது. தை போனது. கண்ணாயிரம் முதலில் "வரும், வரும்" என்றான். பிறகு போனை எடுப்பதை விட்டுவிட்டான். மாமியார் சந்திரம்மாள் சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பாஞ்சாலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்தாள். அவன் போனது அவளை அறுத்தது. அதைவிட அந்தக் கையிடுக்கு அறுத்தது. ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளித் தைத்திருந்தால் போதும். மெஷினில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் கை ஏற்றும்போது, அந்த வட்டத்துக்குள் காற்று நுழைகிற சத்தம் அவள் காதில் கேட்கும்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் அது. மனுவைக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் கிரிவலப் பாதையில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்தாள். தார் உருகுகிற வெயில். மலை வெறும் பாறையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஏரியில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. வெடித்த சேறு, அதற்கு மேல் கானல்.

சாலையில் வெள்ளையாக ஏதோ பறந்து வந்தது.

இலவம் பஞ்சு வெடிக்கிற காலம். அதுதான் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் வந்தது. சேலையில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தாள். பஞ்சு இல்லை. நடுவில் நரம்பு இருந்தது. வாத்து இறகு. அவளுக்குத் தெரியாத இறகா? கம்பெனியிலிருந்து சேலையில் ஒட்டி வந்திருக்கும் என்று மடியில் போட்டுக்கொண்டாள்.

பிறகு வாசனை வந்தது. நனைந்த கோழியின் வாசனை. இறகு ஈரமானால் வருமே, அது. அந்த வெயிலில் ஈரம் எங்கிருந்து...

பிறகு சத்தம். டக்... டக்... டக்... துணி வைக்காமல் ஓடவிட்ட மெஷின் போல.

கரைமேல் ஒற்றைப் புளியமரம். அதன் அடியில் ஒருவன் குந்தியிருந்தான். நீலக் கோட்டு. ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. தொப்பி தலைக்கு மேல். இரண்டு கையையும் அக்குளில் சொருகியிருந்தான். அந்தச் சத்தம் அவன் பல் அடிக்கிற சத்தம்.

அவள் நின்றாள். கால் தரையில் படுகிறதா என்று பார்த்தாள். முழங்கால்வரை பெரிய ஜோடு போட்டிருந்தான், தெரியவில்லை. நிழல் விழுகிறதா என்று பார்த்தாள். இல்லை. உடனே தன் காலடியைப் பார்த்தாள். அவளுக்கும் இல்லை. சூரியன் நேர் உச்சியில்.

அவன் முகத்தைத் தூக்கினான். மணிவேல்தான். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. புருவம் வெள்ளையாக, இறகு அறையிலிருந்து வந்தவனைப் போல.

"கையிடுக்குல காத்து பூருது பாஞ்சால," என்றான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்ப வந்தீங்க? ஏங்க ஒரு போன் பண்ணல? எழுந்திருங்க, ஊட்டுக்குப் போலாம். அத்தை சாப்பாடே எறங்காம கீறாங்க."

"அதுவரைக்கும் நடக்க முடியாது. இத மட்டும் தைச்சுடு."

கையைத் தூக்கிக் காட்டினான். இடது கையிடுக்கு வாய் பிளந்திருந்தது. ஆரஞ்சுத் துணி கிழிந்து, இறகு ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவன் உட்கார்ந்திருந்த மண் ஈரமாக இருந்தது.

அவளுடைய பையின் உள்துணியில் ஒரு ஊசி எப்போதும் குத்தியிருக்கும். எடுத்தாள். நூல் இல்லை. பை முழுக்கத் தேடினாள். சேலையிலிருந்து ஒரு இழை உருவினாள், சுருண்டு அறுந்தது. பல் அடிக்கிற சத்தம் அதிகமானது. டக் டக் டக் டக்... அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலிக் கயிறு. முடிச்சுக்குப் பிறகு தொங்குகிற முனையிலிருந்து ஒரு புரியைப் பிரித்து, மெல்ல உருவி, ஊசியில் கோத்தாள்.

"கழட்டிக் குடுங்க," என்றாள்.

"கழட்ட முடியாது."

"உடம்புல வெச்சுத் தைக்கக் கூடாதுங்க. தெரியாதா உங்களுக்கு?"

நம் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவன் போட்டிருக்கிற துணியில் ஊசி வைக்கக் கூடாது. ஒரு பொத்தான் அறுந்தால்கூடக் கழற்றித்தான் தைப்போம். உடம்பில் வைத்துத் தைப்பது வேறு ஆட்களுக்கு. அவர்களால் கழற்றிக் கொடுக்க முடியாது.

"கழட்டுனா செத்துருவேன் பாஞ்சால," என்றான்.

அவள் கொஞ்ச நேரம் ஊசியைப் பிடித்தபடியே இருந்தாள். எதிரே ஏரி கானலில் ஆடிக்கொண்டிருந்தது. இறகு ஒன்று வெளியே வந்து, அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

தைத்தாள்.

துணியைத் தொட்ட இடத்தில் விரல் மரத்துப்போனது. மெஷினில் ஒரு மூச்சில் முடிகிற வட்டம் கையால் முடிய மாட்டேன் என்றது. தைக்கத் தைக்க மஞ்சள் வாசனையும் ஈர இறகின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. மடிப்பு தடிமனாக இருந்த இடத்தில் ஊசி நகரவில்லை. அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

டப்.

"ஸ்ஸ்..." என்றான் அவன். உடம்பு குலுங்கியது.

"குத்திடுச்சா?"

"ம்."

கையை எடுத்தாள். விரல் நுனியில் ரத்தம். அவள் ரத்தம் இல்லை. அவள் விரல் மரத்துக் கிடந்தது, இது சூடாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. வலிக்கிறது அவனுக்கு. ரத்தம் வருகிறது. இருக்கிறான். இருக்கிறான். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அழுதாள், சிரித்தாள்.

பிறகுதான் ஊசியைப் பார்த்தாள். காது இருக்கிற பாதிதான் அவள் கையில் இருந்தது.

"ஆடாதீங்க. முனை உள்ளயே நின்னுடுச்சு." மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள், தடவினாள், மண்ணைத் துழாவினாள். கம்பெனியில் தேடுகிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவாகத் தேடினாள். கிடைக்கவில்லை.

"உடு," என்று எழுந்துகொண்டான். பல் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

"உக்காருங்க, முனை உள்ள கீது, குத்தும்..."

"அந்தப் பக்கமும் பிரிஞ்சிருக்கு." வலது கையைத் தூக்கிக் காட்டினான். அங்கேயும் அதே வாய். "அப்புறம் வர்றேன்."

கரையை விட்டு ஏரிக்குள் இறங்கினான். வெடித்த சேற்றில் நடந்தான். ஜோடு மிதித்த சத்தம் காய்ந்த மண்ணின் சத்தமாக இல்லை. நற நற என்று, உப்பை மிதிக்கிற மாதிரி. அவள் பின்னாலேயே ஓடினாள். கானல் அவனை முழங்காலில் பிடித்தது, இடுப்பில் பிடித்தது, பிறகு ஏரி காலியாக இருந்தது.

வீட்டு வாசலில் நின்று கத்தினாள். "அத்தை, அவரு வந்துட்டாரு."

சந்திரம்மாள் கை கழுவாமல் ஓடி வந்தாள். கொழுந்தன் அன்பரசன் வண்டி சாவியைத் தேடினான். பாஞ்சாலை மூச்சு வாங்கச் சொன்னாள். இறகைக் காட்ட மடியை அவிழ்த்தாள். இறகு இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. "கோட்டு கிழிஞ்சிருந்துச்சு. கழட்ட மாட்டேன்னாரு. அப்படியே தைச்சுக் குடுத்தேன்..."

சந்திரம்மாள் நின்றுவிட்டாள்.

"உடம்புல வெச்சா?"

பாஞ்சாலை அவிழ்த்த மடியைத் திரும்பச் சொருகினாள்.

"எதுல தைச்ச?"

அவள் கை கழுத்துக்குப் போனது. சந்திரம்மாள் அந்தக் கயிற்றின் முனையைப் பார்த்தாள். அப்படியே சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள்.

அன்பரசன் ஏரியைச் சுற்றி வந்தான். புளியமரத்தடியில் ஒன்றும் இல்லை. வெயில் ஏறிவிட்டது என்று ஊர் சொன்னது. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். பாஞ்சாலை வாதாடவில்லை. ரத்தப் பொட்டு இருந்த சேலையைத் துவைக்காமல் மடித்து வைத்தாள். பாதி ஊசியைக் காகிதத்தில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அந்தத் தலைப்பை எடுத்துப் பார்ப்பாள். ரத்தம். அது போதும். அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் ஓட்டினாள்.

வைகாசியில் கண்ணாயிரமே வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

அங்கே பனி உருகிவிட்டதாம். உருகியபோது மரத்தடியில் அவனைப் பார்த்தார்களாம். நமக்கு அது பங்குனி மாதம். யார் என்று தெரியாமல் இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போதுதான் பெயர் தெரிந்ததாம். கார்த்திகையிலேயே போன உயிர் என்றான். "குந்துன மேனிக்கே இருந்தானாம். கைய ரெண்டும் அக்குள்ல வெச்சிக்கினு..."

"போங்க," என்றாள் பாஞ்சாலை. "சித்திரையில நான் பாத்தேன். போங்க."

ஆனி மாதம் பெட்டி வந்தது. விமானத்தில் சென்னை, அங்கிருந்து ஆம்புலன்ஸ். துணிமணி எதுவும் அனுப்பவில்லை. அங்கேயே போட்டுவிட்டார்கள். உள்ளே பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று கூட வந்தவன் சொன்னான். பார்த்தாலும் தெரியாது என்றான்.

பாஞ்சாலை பெட்டியிலிருந்து தள்ளி உட்கார்ந்தாள். அழவில்லை. தலையிலிருந்து பூவை எடுக்க விடவில்லை. வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழ வந்தபோது விலகிக்கொண்டாள்.

"இது அவரில்ல."

"அண்ணி, பேரு அண்ணன் பேருதான். எல்லாம் ஒத்துப்போவுது," என்றான் அன்பரசன்.

"பேரு இருந்தா ஆச்சா?" உள்ளே போய் அந்தச் சேலையை எடுத்து வந்தாள். எல்லோருக்கும் முன்னால் தலைப்பை விரித்தாள். பொட்டு கறுத்துப்போயிருந்தது. "கார்த்திகையில செத்தவருக்குச் சித்திரையில ரத்தம் வருமா? சொல்லு. யாராவது சொல்லுங்க. அவரு எங்கியோ நடந்துக்கினு கீறாரு. யாரோ பெத்த புள்ளையக் கொண்டாந்து என் வாசல்ல வெச்சிட்டு என்னைத் தாலிய அறுக்கச் சொல்றீங்க."

கம்பெனியிலிருந்து பச்சையம்மாள் வந்திருந்தாள். எதையும் கேலி செய்கிறவள். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெட்டியை எடுத்துப் போனார்கள். அன்பரசன்தான் கொள்ளி வைத்தான். பாஞ்சாலை வாசற்படிவரைகூட வரவில்லை. அன்று ராத்திரி வழக்கம்போலக் கதவைத் தாழ் போடாமல் படுத்தாள். அவன் வந்தால் தட்ட வேண்டாமே.

மறுநாள் காடாத்து. பால் தெளித்து எலும்பு பொறுக்க அன்பரசன் விடியலிலேயே போயிருந்தான். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணி... சுடுகாட்டு ஆளு சொன்னாரு, கட்டை எல்லாம் வெந்தும் நெஞ்சு மட்டும் ரொம்ப நேரம் வேகலியாம். ஈரமாவே இருந்துச்சாம்." நிறுத்தினான். "இது இடது விலா எலும்புல நின்னுக்கினு இருந்துச்சு. ஆஸ்பத்திரி ஊசியோ இன்னாவோன்னு எடுத்தாந்தேன்."

உள்ளங்கையை நீட்டினான். கறுத்த, மெல்லிய ஒரு முனை.

பாஞ்சாலை அதை வாங்கவில்லை. உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் கை விடுகிற சத்தம் கேட்டது. காகிதத்தைப் பிரித்துக்கொண்டே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டையும் முந்தானையில் வைத்து, கம்பெனியில் செய்கிற மாதிரி உடைந்த வாயோடு உடைந்த வாயை வைத்தாள். ஒரு பாதி பளபளப்பு. ஒரு பாதி கரி. சரிந்து உடைந்த இடம், பள்ளத்துக்கு மேடு, மேட்டுக்குப் பள்ளம்... பொருந்தியது. தலைமுடி நுழைய இடமில்லை.

முழு ஊசி.

அவள் அன்பரசனைப் பார்த்தாள். "வலிக்குதுன்னாரே," என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை அடி அண்ணாமலைக் கோயில்வரை கேட்டது என்பார்கள்.

பத்தாம் நாள் தாலிக் கயிற்றை இறக்கினார்கள். அவள் தடுக்கவில்லை. இறக்கியவள் கயிற்றின் ஒரு முனை மெலிந்திருந்ததைப் பார்த்தாள்.

நல்லது, இதோடு முடிந்திருந்தால் வினோதினி இன்னும் ஏரிக்கரை வழியாகவே போய்க்கொண்டிருப்பாள்.

ஆடி மாதம் பாஞ்சாலை வேலைக்குத் திரும்பினாள். வேறு என்ன செய்வது? அதே மெஷின். அதே வட்டம். இடது ஒன்று, வலது ஒன்று. அந்த மாதம் எல்லாம் கறுப்புக் கோட்டு. லைன் முழுக்கக் கறுப்பு மலை. பச்சையம்மாள் தன் சாப்பாட்டில் பாதியை அவள் டப்பாவில் தள்ளுவாள். இப்போது கேலி கிடையாது.

சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால், உச்சி வேளையில், சக்கரவர்த்தி ஆல்டர் கட்டோடு வந்தார். எல்லோருக்கும் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தவர் பாஞ்சாலையின் முன்னால் நின்றார்.

"யம்மா பாஞ்சால, உன் நம்பர்தான் ஒட்டியிருக்கு. இடது பக்கத்த யாரும்மா கையால தைச்சது? அதுவும் மஞ்சக் கயித்துல. இது கம்பெனியா, கோயிலா? வலது பக்கம் பாரு, வாயப் பொளந்துக்கினு கீது. தைச்சுக் குடு, சாயங்காலம் பெட்டி போவுது."

மேஜைமேல் போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "நாம கறுப்புதானே ஓட்டிக்கினு கீறோம்," என்றாள். "இது ஏன் நீலமா கீது?"

பாஞ்சாலை கோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கோட்டின் தோள் ஈரமாக இருந்தது. நனைந்த கோழி வாசனை. அதற்கு அடியில் லேசாக மஞ்சள். வலது கையிடுக்கிலிருந்து ஒரு இறகு கிளம்பி, மெஷின் விளக்கின் வெளிச்சத்தில் மெல்லச் சுற்றி மேலே போனது.

ஊசியைச் சரிபார்த்தாள். நூல் கோத்தாள். தைக்க வேண்டுமானால் கோட்டை உள்பக்கம் திருப்ப வேண்டும். அதற்குக் கோட்டின் கைக்குள் தன் கையை விட வேண்டும்.

விட்டாள்.

வெளியே அத்தனை ஈரம், அத்தனை சில்லிப்பு. உள்ளே சூடாக இருந்தது. உடம்புச் சூடு. இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்ததுபோல.